ஞானஸ்தானம்

4 மார்ச் 2024, திங்கள்

பிஜே நகரத்து ஆபீஸில் இன்று நாள் முழுக்க ஒரு கொரிய நாடகத்துக்குத் தமிழ் சப்டைட்டில் போட்டேன். கதாநாயகி அழுதுகொண்டே இருந்தாள். அழுகைக்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை, அதனால் எனக்கு வேலை குறைவு.

வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு, காதர் அண்ணன் கொடுத்த நாவலைத் திறந்தேன். கிள்ளானில் துணிக்கடை வைத்திருப்பவர். கடையில் வரும் லாபத்தை மாடியில் இருக்கும் பதிப்பகத்தில் கொண்டுபோய்த் தொலைப்பவர். "துணி விக்கிறது வயித்துக்கு, புஸ்தகம் விக்காம இருக்கிறது மனசுக்கு" என்பார். இந்த முறை ஆங்கிலத்திலிருந்து ஒரு தடித்த மாயக்கதை. "டிராகன் இருக்கா அண்ணே?" என்று கேட்டேன். "இல்ல தங்கச்சி, அதைவிட மோசமான ஆள் ஒருத்தர் இருக்கார்."

அந்த ஆள் ஒரு கொத்தனார். கல்லால் வானம் கட்டி, அதன் அடியில் ஒரு நாட்டைக் கட்டியவர். ஊரே அவரைக் கடவுள் என்று கும்பிடுகிறது. அவர் கடவுள் இல்லை என்பது பாதிக் கதைக்கு மேல்தான் தெரிகிறது.

ஆங்கிலத்தில் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை 'ஹி' என்று போட்டுவிட்டு எழுதியவள் நிம்மதியாகத் தூங்கிவிட்டாள். எனக்கு அந்த வசதி இல்லை. கடவுள் என்று நினைக்கும் வரை 'அவர்'. பொய் என்று தெரிந்த பிறகு 'அவன்'. எந்த வரியில் மரியாதை போகிறது? தமிழில் அதைத் தள்ளிப்போட முடியாது. இதுவரை என் அலுவலகத்தில் சில பேருக்கு மட்டும்தான் இந்த முடிவை எடுத்திருக்கிறேன்.

7 மார்ச், வியாழன்

வரி கிடைத்துவிட்டது.

கொத்தனார் மாடத்தில் நின்று அறிவிக்கிறார்: நானே கடவுள், என்னைத் தவிர யாருமில்லை. கூட்டம் முழங்காலில் விழுகிறது. தண்ணீர் சுமக்கும் ஒருத்தி மட்டும் நின்றுகொண்டு கேட்கிறாள்: "யாருமில்லை என்று சொல்லும்போது, ஐயா, நீங்கள் ஏன் மேலே பார்த்தீர்கள்?"

அடுத்த வரியை நான் இப்படி எழுதினேன்: அவன் பதில் சொல்லவில்லை.

எழுதிவிட்டு எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டேன்.  கீழே பிரிக்பீல்ட்ஸ் தெரு வழக்கம்போல ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தது, எனக்கு அது கேட்கவேயில்லை. நானும் மேலே பார்த்தேன். மோனோரயில் பாலமும் கொஞ்சம் மேகமும்தான் தெரிந்தது, ஆனாலும் பார்த்தேன்.

இந்த யோசனை இந்த எழுத்தாளரின் சொந்தச் சரக்கு இல்லை என்பதைத் தேடிப் படித்துத் தெரிந்துகொண்டேன். கிறிஸ்தவம் பச்சைப்பிள்ளையாக இருந்த காலத்தில் ஞானவாதிகள் என்று சில கூட்டங்கள் இருந்தன. இந்த உலகத்தைச் செய்தவன் அரைகுறை, தனக்கு மேலே ஒருவர் இருப்பதே தெரியாதவன் என்றார்கள். மேலே இருப்பவரின் ஒளியில் ஒரு பொறி நமக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறது, அதை அறிகிறவர் வீடு திரும்புவார் என்றார்கள். திருச்சபை அவர்களைத் தள்ளி வைத்தது. யாரோ அவர்களுடைய ஏடுகளை ஒரு ஜாடியில் போட்டு எகிப்து மண்ணில் புதைத்து வைக்க, ஆயிரத்தைந்நூறு வருஷத்துக்கு மேல் கழித்து ஒரு குடியானவனின் மண்வெட்டியில் இடித்தது.

நான் பள்ளிக்கூடக் காலத்திலிருந்து படித்த மாயக்கதைகளை இப்போது ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்கிறேன். பொய்யான வானம். பொய்யான அரசன். தான் இந்த ஊரே இல்லை என்று ஒருநாள் கண்டுபிடிக்கும் அநாதைப் பிள்ளை. எல்லாரும் தூக்கத்தில் இருக்க, விழித்துக்கொள்ளும் ஒருத்தி. எல்லாவற்றிலும் இதே எலும்பு! தடைசெய்து புதைத்த ஒரு சமயம் பிள்ளைகளின் புத்தக அலமாரியில் முளைத்திருக்கிறது, யாருக்கும் தெரியவில்லை. எனக்கு இன்று ஆச்சரியம் தாங்கவில்லை.

8 மார்ச், வெள்ளி

கோவிலுக்குச் சிலுவைப்பாதை வழிபாட்டுக்குப் போனேன். விசுவாசப் பிரமாணத்தில் "பரலோகத்தையும் பூலோகத்தையும் படைத்த" என்ற இடத்தில் ஒரு கணம் நாக்கு நின்றது. பக்கத்து ஆன்டி திரும்பிப் பார்த்தார்.

10 மார்ச், ஞாயிறு

கொமுட்டர் ரயில் பிடித்துக் கிள்ளானுக்குத் தம்பி கேவின் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி ஜானிஸ் நண்டு சமைத்திருந்தாள். பாப்பாவுக்கு மூன்று மாதம் ஆகிவிட்டது. தாமரை மரியா என்று பெயர். என் விரலைப் பிடித்தால் விடமாட்டேன் என்கிறாள்.

"அக்கா, நீங்கதான் பாப்பாவுக்கு ஞானத்தாய்" என்றாள் ஜானிஸ். எனக்குக் கல்யாணம் இல்லை, பிள்ளை இல்லை, நாற்பத்தொரு வயதில் ஒரு பூனை கூட இல்லை. தாய் என்று முடியும் ஒரு பட்டம் எனக்குக் கிடைக்கும் என்று நினைத்ததே இல்லை. நண்டு ஓட்டைக் கடித்துக்கொண்டே அழுதுவிட்டேன். காரம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

பாப்பாவின் ஞானஸ்நான அழைப்பிதழைத் தமிழிலேயே, தானே எழுதி அச்சுக்குக் கொடுத்துவிட்டாளாம். ஜானிஸ் மலாய்ப் பள்ளியில் படித்தவள், கல்யாணத்துக்குப் பிறகு தானாகத் தமிழ் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டவள். "எனக்கு ஏன் காட்டல?" என்றேன். "காட்டினா நீங்க சிவப்புப் பேனா எடுப்பீங்க லா" என்று சிரித்தாள்.

சாப்பிடும்போது கேவின் என்ன வேலை ஓடுகிறது என்று கேட்டான். எனக்கு வாய் நீளம். கல் வானம், கொத்தனார், தண்ணீர்க்காரி என்று எல்லாவற்றையும் கை ஆட்டிச் சொன்னேன். ஜானிஸ் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"அவர் கட்டின ஊர்ல பிள்ளைங்க சாகுமா அக்கா?"

"சாகும். அதுக்குத்தானே அந்தத் தண்ணிக்காரி கேள்வி கேட்கிறா."

ஜானிஸ் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். கேவின் என்னை ஒரு பார்வை பார்த்தான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. தாமரைக்கு முன்னால் அவர்களுக்கு இரண்டு போய்விட்டன. ஒன்று ஏழாம் மாதம், ஒன்று ஐந்தாம் மாதம். இரண்டும் வயிற்றிலேயே. அந்த வீட்டில் உட்கார்ந்து இந்தக் கதையையா சொன்னேன்? என் வாயில் மண்ணை அள்ளித்தான் போட வேண்டும்.

14 மார்ச், வியாழன்

ஜானிஸிடமிருந்து வாட்ஸாப்: "அக்கா அந்த கதை அனுப்புங்க. இங்லிஷ் வேணாம். உங்க தமிழ்." கோபம் இல்லை போலிருக்கிறது. முதல் வாசகி! முடித்த அத்தியாயங்களை உடனே அனுப்பினேன்.

19 மார்ச், செவ்வாய்

மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஜானிஸ் கூப்பிட்டாள். அனுப்பியது முழுவதையும் இரண்டு தடவை படித்துவிட்டாளாம். குரலில் ஒரு தெளிவு இருந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"அப்போ என் ரெண்டு பிள்ளைங்களையும் எடுத்தது அவன்தானா அக்கா? அந்தக் கொத்தனா?"

 கதைதானே ஜானிஸ் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல முடியவில்லை. அந்தக் கதை எனக்கே வெறும் கதையாக இல்லையே.

"இத்தனை நாளா அவர் சித்தம், அவர் சித்தம்னு எல்லாரும் சொன்னாங்க. எனக்கு அவர் மேல அவ்வளவு கோபம். இப்ப புரியுது. அது அவரே இல்ல. வேற ஆளு."

20 மார்ச், புதன்

அவள் 'அவர்' என்றும் 'அவன்' என்றும் பிரித்துப் பேசினாள். அந்த இரண்டு சொல்லையும் பிரித்துக் கையில் கொடுத்தது நான்.

22 மார்ச், வெள்ளி

கேவின் போனில் கத்தினான். ஞானஸ்நானம் வேண்டாம் என்கிறாளாம் ஜானிஸ். உலகத்தைப் படைத்தவர் பெயரால் என் பிள்ளை தலையில் தண்ணீர் ஊற்ற விடமாட்டேன், ரெண்டைக் கொடுத்தது போதும் என்கிறாளாம். ஏப்ரல் இருபத்தொன்றுக்கு ஹால் சொல்லி, கேட்டரிங் சொல்லி, அழைப்பிதழும் வந்துவிட்டது.

"நீ கதை எழுதி என் வீட்டைக் கெடுத்துட்டே அக்கா."

"நான் எழுதல டா, மொழிபெயர்ப்புதான்—"

போனை வைத்துவிட்டான். மொழிபெயர்ப்புதான்! என்ன சாக்கு இது? அவள் ஆங்கிலம் வேண்டாம் என்று என் தமிழைத்தானே கேட்டாள்.

24 மார்ச், குருத்து ஞாயிறு

பூசை முடிந்து ஃபாதரைப் பிடித்தேன். கையில் குருத்தோலையோடு கார் சாவி தேடிக்கொண்டிருந்தார். "ஃபாதர், நான் மொழிபெயர்த்த கதையைப் படிச்சு ஒருத்தருக்கு விசுவாசம் ஆட்டம் கண்டுபோச்சு. பாவம் யார் மேல?"

"என்ன கதை?"

சொன்னேன். பொறுமையாகத்தான் கேட்டார். மேலே பார்த்த இடம் வந்ததும் சாவி தேடுவதை நிறுத்திவிட்டார். "முதல்ல அதை எனக்கு அனுப்பும்மா" என்றார். 

27 மார்ச், புதன்

வேலைக்கு லீவு போட்டுக் கிள்ளான் போய், காதர் அண்ணனிடம் நாவலைத் திருப்பிக் கொடுக்கப் போகிறேன் என்று சொன்னேன். கடை முழுக்க நோன்புப் பெருநாள் கூட்டம். அவர் நோன்பு, நான் தவக்காலம், ரெண்டு பேரும் மாடியில் காய்ந்த உதட்டோடு உட்கார்ந்திருந்தோம்.

"ஒரு பொண்ணு படிச்சு அழுததுக்கா நிறுத்துறே? என் புஸ்தகத்தைப் படிச்சு இதுவரைக்கும் ஒருத்தரும் கொட்டாவி கூட விட்டதில்ல தங்கச்சி" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துக் குரலைக் குறைத்துக்கொண்டார். "உனக்கு முடியலன்னா விடு. ஆனா உன் தமிழ்த் தாள்ல இந்தக் கோடு போட்டு வச்ச இடம் எல்லாம் என்ன?"

அந்தக் கோடுகள் என் மானக்கேடு. கல் வானத்துக்கு மேலே, அந்தப் பொறி எந்த இடத்திலிருந்து வந்ததோ, அந்த இடத்துக்கு நாவலில் ஒரு பெயர் உண்டு. முழுமை என்ற மாதிரி அர்த்தம். 'நிறைவு' என்று போட்டால் டிவியில் நிகழ்ச்சி முடிந்த மாதிரி இருக்கிறது. 'பரிபூரணம்' என்று போட்டால் யாரோ சாமியார் பெயர். 'மோட்சம்' ஏற்கெனவே எங்கள் கோவிலுக்குச் சொந்தம். அதனால் சொல் வரும் இடத்திலெல்லாம் கோடு போட்டு வைத்திருந்தேன்.

"வீட்டுக்கே பேர் இல்லாம வீடு திரும்புறது எப்படி?" என்றார் அண்ணன். நாவலை வாங்கிக்கொள்ளவில்லை. கீழே வாடிக்கையாளர் கூப்பிட, இறங்கிப் போய்விட்டார்.

30 மார்ச், பெரிய சனிக்கிழமை

இதை ஒழுங்காக எழுத வேண்டும்.

சாயங்காலம் கேவின் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்துவிட்டு, ஒன்றும் பேசாமல் கார் கழுவ வெளியே போய்விட்டான். ஹாலில் அழைப்பிதழ்ப் பெட்டி பிரித்துக் கிடந்தது. ஜானிஸ் பாப்பாவை மடியில் போட்டுக்கொண்டு சோஃபாவில் இருந்தாள். மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன். கண் என்னவோ அட்டையின் மேல் விழுந்தது. தொழில் வியாதி.

'எங்கள் அன்பு மகள் தாமரை மரியாவின் ஞானஸ்தானம்.'

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். எல்லாமே உடைந்து கிடக்கும்போது ஒரு எழுத்தா முக்கியம்? ஆனால் என் வாய் என்றைக்கு என்னைக் கேட்டது?

"ஜானிஸ், இதுல ஒரு எழுத்து மாறிப் போச்சு. ஸ்தானம் இல்ல, ஸ்நானம்."

"ஞானஸ்தானம்தானே எல்லாரும் சொல்றாங்க?"

"சொல்றது அப்படித்தான். நானே அப்படித்தான் சொல்லுவேன். எழுதுறது ஸ்நானம். ஸ்நானம்னா குளியல்."

"அப்போ ஸ்தானம்?"

"இடம்."

அவள் அட்டையை வாங்கிப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். "இடம்னு நினைச்சுத்தான் அக்கா எழுதினேன்" என்றாள்.

பிறகு சொன்னாள். முதல் பிள்ளை போனபோது ஆஸ்பத்திரிக்கு அவளுடைய இராஜம்மா பெரியம்மா வந்திருக்கிறார். தலையைத் தடவிக்கொடுத்து, "ஞானஸ்தானம் வாங்காத பிள்ளைக்கு மோட்சத்துல இடமில்லம்மா, என்ன செய்யறது" என்று சொல்லி அழுதிருக்கிறார். ஆறுதல் சொல்லத்தான் வந்திருப்பார், பாவம். ஜானிஸ் அந்தச் சொல்லை அப்படியே பிடித்துக்கொண்டாள். ஞானஸ்தானம் என்றால் பிள்ளைக்கு மேலே பதிந்து வைக்கும் இடம். தண்ணீர் ஊற்றினால் இடம் கிடைக்கும். தன் இரண்டு பிள்ளைகளுக்கும் அது கிடைக்கவில்லை. இத்தனை வருஷமாக அவை எங்கேயும் இல்லாமல் வெளியில் நிற்கின்றன என்று நினைத்திருக்கிறாள். யாரிடமும் சொல்லவில்லை, கேவினிடம் கூட. அந்தக் கொத்தனைப் பற்றிப் படித்ததும் இடம் கொடுக்காதவன் அவன்தான் என்று தோன்றியிருக்கிறது.

"குளியலா?" என்றாள் மறுபடி. "வெறும் குளியலா அக்கா?"

"அந்தச் சொல்லுக்கு அர்த்தம் அவ்வளவுதான். ஞானக் குளியல்."

பாப்பாவின் கழுத்து மடிப்பில் காய்ந்த பால் ஒட்டியிருந்தது. ஜானிஸ் அதை விரலால் துடைத்தாள். மோந்து பார்த்தாள். அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

"இவ காலையிலிருந்து குளிக்கல. பால் வாடை அடிக்குது. நான் தூக்கித்தானே வச்சிருக்கேன்?" பாப்பாவை இன்னும் இறுக்கிக்கொண்டாள். "குளிக்காத பிள்ளைய எந்தத் தாயாவது வாசல்ல நிறுத்துவாளா அக்கா?"

எனக்கு உடம்பு முழுக்கப் புல்லரித்தது. ஜாடியில் புதைத்த ஏடுகளைப் பற்றிப் படித்தபோதும் இப்படி ஆகவில்லை. தண்ணீர்க்காரி கேட்டதற்கு ஈடான ஒரு கேள்வியை இவள் நாப்கின் பையும் பால் புட்டியும் கிடக்கும் சோஃபாவில் உட்கார்ந்து கேட்டுவிட்டாள். நான் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ரெண்டு பேரும் நன்றாக அழுதோம். பாப்பா எங்களை மாறி மாறிப் பார்த்தாள்.

"கேவின்கிட்ட சொல்லுங்க. இருபத்தொண்ணாம் தேதியே வச்சுக்கலாம்."

"அழைப்பிதழ்?"

"இருக்கட்டும். அப்படியே குடுக்கலாம்."

வெளியே போய்க் கேவினிடம் சொன்னேன். ஹோஸைக் கையில் பிடித்தபடி நின்றான். தண்ணீர் அவன் செருப்பு மேலேயே கொட்டிக்கொண்டிருந்தது. ரெண்டு பிள்ளையைப் பற்றி அவள் நினைத்திருந்ததையும் சொன்னேன். "எங்கிட்ட சொல்லவே இல்லையே அக்கா" என்று மட்டும் சொன்னான். ஹோஸை மூடிவிட்டு உள்ளே ஓடினான்.

ரயிலில் வரும்போது மடியில் என் மொழிபெயர்ப்புத் தாள்களை விரித்தேன். கோடு போட்ட முதல் இடத்தில் எழுதினேன்: ஞானஸ்தானம். அடுத்த இடத்திலும். அடுத்ததிலும். ஞானத்தின் இடம், அந்தப் பொறி திரும்பும் வீடு. எனக்கு இந்தச் சொல் வந்தே இருக்காது. எனக்குத் தமிழ் பிழையில்லாமல் தெரியும், அதுதான் என் தடை. ஜானிஸுக்குத் தெரியாததால் அவளுக்குக் கிடைத்தது.

31 மார்ச், உயிர்ப்பு ஞாயிறு

அல்லேலூயா. வேறு எழுத ஒன்றுமில்லை.

21 ஏப்ரல், ஞாயிறு

கோவில் நிறைந்திருந்தது. காதர் அண்ணன் கூட வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், பெரிய பார்சலோடு.

ஃபாதர் கேட்டார்: "உங்கள் குழந்தைக்குத் திருச்சபையிடம் என்ன கேட்கிறீர்கள்?" ஞானஸ்நானத்தின் இப்போதைய பெயரான திருமுழுக்கு என்று சொல்ல வேண்டும், வகுப்பில் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள். கேவின் வாயைத் திறப்பதற்குள் ஜானிஸ் மைக்கில் கணீரென்று சொன்னாள்: "ஞானஸ்தானம், ஃபாதர்." முதல் வரிசையில் ஒரு ஆன்டி சிரிப்பை அடக்கிக்கொண்டார். நான் அனுப்பிய கதையை ஃபாதர் படித்திருக்கிறார். அவர் சிரிக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

விசுவாசப் பிரமாணத்தில் "படைத்த" வரும்போது மறுபடி நாக்கு நின்றுவிடும் என்று ஒரு மாதமாகப் பயந்துகொண்டிருந்தேன். ஞானத்தாய் சொல்லியே ஆக வேண்டும். தாமரை என் கையில் இருந்தாள், கனமாக, சூடாக, என் ஜாக்கெட்டை நனைத்துவிட்டு. இவளைச் செய்தது ஒரு அரைகுறைக் கொத்தன் என்று சொல்ல என் வாய்க்கு வரவில்லை. விசுவசிக்கிறேன் என்றேன். சத்தமாகவே வந்தது. இது பதிலா என்று தெரியாது. அந்த நேரத்தில் அது பொய் இல்லை.

நாவலை நிறுத்தவில்லை. இனி நிறுத்தவும் மாட்டேன்.

9 மே, வியாழன்

காதர் அண்ணன் போன் செய்தார். மெய்ப்புப் பார்த்தவர் புத்தகம் முழுக்க ஞானஸ்தானத்தை ஞானஸ்நானம் என்று திருத்திவிட்டாராம். "உன் தமிழ்ல இவ்வளவு பிழையான்னு கேக்கிறார் தங்கச்சி."

"பிழைதான் அண்ணே. ஒண்ணையும் மாத்தாதீங்க."

16 ஜூன், ஞாயிறு

நாளை ஹஜ்ஜுப் பெருநாள். அண்ணன் கடையில் நிற்க இடமில்லை. பாப்பாவுக்குச் சட்டைத்துணி எடுக்க ஜானிஸும் நானும் போயிருந்தோம். அண்ணன் தங்கை சுலைகாதான் துணி கிழித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் துணி பார்த்துக்கொண்டிருந்த ஒரு ஆன்டி, முன்பின் தெரியாதவர், பாப்பாவின் கன்னத்தைக் கிள்ளினார்.

"முதல் பிள்ளையாம்மா?"

ஜானிஸ் எப்போதும் ஆமாம் என்றுதான் சொல்வாள். அப்படிச் சொல்லிவிட்டு அன்று முழுக்க யாரோடும் பேசமாட்டாள். நான் பேச்சை மாற்ற வாயெடுத்தேன்.

"இல்ல ஆன்டி. மூணாவது."

"அடடே! பெரியதுங்க ரெண்டும் எங்க, கூட்டிட்டு வரலியா?"

 ஜானிஸ் பூப்போட்ட துணியைப் பாப்பாவின் தோளில் வைத்து அளவு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வீட்டுல இருக்காங்க ஆன்டி" என்றாள்.